பதின்மூன்றாவது கோடு

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தமிழ்க் கடையில் சும்மா தந்த நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. மேலே பிள்ளையார், கீழே நாட்கள், ஓரத்தில் பென்சிலால் போட்ட பதின்மூன்று கோடுகள். பதினைந்து வர வேண்டியது, வரவில்லை. அந்தப் பதினைந்துக்கு ஆசைப்பட்டு என் பிள்ளையின் காலை நான் கெடுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, விருப்பமும் இல்லை.

மகள் ஸ்பெயினில், பெண்கள் உதைபந்தாட்டத்தின் முதல் பிரிவில், ஒரு பருவம் விளையாடினாள். எனக்கு முப்பத்து நாலு வயதில் பிறந்த ஒரே பிள்ளை. இந்தப் பனி நாட்டுத் தலைநகரின் ஓரத்தில், குரோருட்டில், இதே நாலாம் மாடியில்தான் வளர்ந்தாள். நடன வகுப்புக்கு விட்டோம், வயலினுக்கு விட்டோம், இரண்டிலிருந்தும் ஓடி வந்துவிட்டாள். கீழே முற்றத்தில் பெடியன்களோடு பந்தடித்துத் திரிந்தவளைக் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர்தான், அவளுடைய அப்பா. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கிழமை கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை போய்ப் பார்த்தேன். என் பிள்ளை ஒருத்தியின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு திரும்பிக்கூடப் பாராமல் ஓடினாள். அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இந்த நாட்டில் பிள்ளை விளையாடினால் பெற்றோரும் கழகத்துக்கு வேலை செய்ய வேண்டும். டுக்னாட் என்பார்கள், எல்லோரும் சேர்ந்து செய்கிற சம்பளமில்லாத வேலை. மற்றத் தாய்மார் வாஃபல் சுட்டு விற்றார்கள். நான் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். பாதி நேரத்துக்கு முன்பே தட்டு காலியாகிவிடும். பன்னிரண்டு வருஷம், பனியிலும் மழையிலும், அந்தத் திடலின் ஓரத்தில் நின்றேன். எங்கள் ஆட்களில் ஒருவர் கோயிலில் வைத்து என்னிடம் கேட்டார், "பொம்பிளைப் பிள்ளையைக் காற்சட்டையோடை ஓட விட்டுட்டு நீங்கள் ரோல்ஸ் விக்கிறியளோ?" ஸ்பெயின் செய்தி வந்ததும் அதே மனிதர் ஊரெல்லாம் "எங்கடை பிள்ளை" என்று சொல்லித் திரிந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. பருவத்தில் பதினைந்து ஆட்டங்களில் அவள் தொடக்கத்திலிருந்தே விளையாடினால், இரண்டாம் வருஷம் தானாகவே கிடைக்கும். பதினான்கு என்றால் கிடையாது. இதை அவள் வாசித்துக் காட்டியபோது நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். "முப்பது ஆட்டம் இருக்கு அம்மா. பாதிதானே," என்றாள். நான் உடனே எழுந்துபோய்ப் பென்சிலை எடுத்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

அவள் போன ஊர் சின்னது. வெயிலில் காய்ந்த மண், ஒரு பெரிய தேவாலயம், ஒரு திடல். கழகமும் சின்னதுதான். அந்தப் பிரிவில் பதினாறு அணிகள். மேலே உள்ள பெரிய அணிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர்கள் வேறு உலகம். கடைசியில் நிற்கும் இரண்டு அணிகள் பருவம் முடிந்ததும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். எங்கள் அணி முதல் மாதத்திலேயே அந்தக் கடைசி இடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டது.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இவர் பேருந்து ஓட்டுகிறார். வார இறுதி வேலைகளை ஆளோடு ஆள் மாற்றி, ஞாயிறு மத்தியானங்களை எப்படியோ காலியாக்கி வைத்தோம். மடிக்கணினியை மேசையில் வைத்துச் சோற்றுத் தட்டோடு உட்காருவோம். மூன்றாவது கோல் எங்களுக்கு விழும்போது சோறு ஆறிக் கிடக்கும். இவர் ஒவ்வொரு கிழமையும் ஒரே பழமொழியைச் சொல்லுவார், "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நான் ஸ்பானிய மொழி தெரியாமலே ஸ்பானிய நடுவர்களைத் தமிழில் ஏசினேன்.

முதல் எட்டு ஆட்டமும் மகள் மாற்று ஆட்டக்காரர் வாங்கில்தான் இருந்தாள். கமரா சிலவேளை அந்தப் பக்கம் போகும். "அந்தா, அந்தா!" என்று இவர் எழும்புவார். அதற்குள் கமரா போய்விடும். ஒரு தடவை அவள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு இருந்ததைக் கண்டேன். ஸ்பெயின்வரை போனது போத்தல் அடுக்கவோ என்று எனக்கு வயிறு எரிந்தது. தொலைபேசியில் கேட்டால், "சுகம் அம்மா, எல்லாம் ஓகே," என்பாள். எங்கள் வீட்டில் தொலைபேசி என்றால் அப்படித்தான். சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து எடுக்கும் என் சகோதரங்களும் பதுங்கு குழிக்குள்ளிருந்து வந்து "சுகம்" என்றார்கள். நானும் இங்கே அழுத முகத்தைத் துடைத்துவிட்டுச் "சுகம்" என்றேன். அவள் என் மடியில் இருந்துகொண்டு அதைக் கேட்டு வளர்ந்தவள்.

நவம்பரில், இடது பக்கப் பின்வரிசையில் வழக்கமாக விளையாடும் பெண்ணுக்குத் தொடைத் தசை கிழிந்தது. பயிற்சியில் கிழிந்த அன்றைக்கே அவள் போய்ச் சொல்ல, வெளியே இருத்திவிட்டார்கள். அந்த இடம் என் பிள்ளைக்குக் கிடைத்தது. செய்தி கேட்டு நான் சுவாமி அறையில் விளக்கேற்றினேன். இன்னொரு தாய் பெற்ற பிள்ளையின் தொடை கிழிந்ததற்கு விளக்கேற்றிய ஆள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவள் விளையாடினாள் பாருங்கள்! அணி தோற்றது, திரும்பத் திரும்பத் தோற்றது. ஆனாலும் இடது பக்கத்தால் எவளும் லேசில் போகவில்லை. ஒரு ஆட்டம் சமநிலையில் முடிந்தபோது நாங்கள் கேசரி கிண்டினோம். டிசம்பரில் ஒரே ஒரு தடவை, ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். இவர் சத்தம் போட்டதில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஆறு கோடுகள். ஜனவரியில் புது நாட்காட்டி வந்தபோது முதல் வேலையாக அந்த ஆறையும் புதியதில் மாற்றிப் போட்டேன். ஜனவரி முடிவதற்குள் பத்து.

ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் வேலை முடிந்து பேருந்துக்கு நின்றிருந்தேன். தரை முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, முழங்கால் ஒரு மாதிரிக் கிடக்கு."

"எப்பிடி ஒரு மாதிரி?"

"திரும்பேக்கை உள்ளுக்கை ஏதோ வழுக்கிற மாதிரி. கொஞ்சம் நோகுது. ஃபிஸியோவிட்டைச் சொல்லட்டோ?"

கேட்டாள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, தன் உடம்பைப் பற்றி என்னை விட நூறு மடங்கு தெரிந்தவள், தாயிடம் கேட்டாள். அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

"சொன்னால் என்ன செய்வினம்?"

"ஸ்கான் எடுப்பினம். ரெண்டு மூண்டு கிழமை வெளியிலை இருத்துவினம்."

"மற்றப் பிள்ளைக்குத் தொடைக் காயம் மாறிட்டுதோ?"

"ஓம். இந்தக் கிழமை ஓடத் தொடங்கிட்டா."

"அப்ப வாயைத் திறக்காதை. இன்னும் ஐஞ்சுதானே? பல்லைக் கடிச்சுக்கொண்டு விளையாடு. நோகுது எண்டு சொன்னவளுக்கு வரிசையிலை இடமில்லை, பிள்ளை."

"ஓம் அம்மா," என்றாள். பேருந்து வந்தது, ஏறினேன். நல்ல புத்தி சொன்னேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய் மரக்கறி வெட்டினேன்.

வரிசை என்ற சொல் என் வாயில் வந்தது உதைபந்தாட்டத்தால் அல்ல. எண்பதுகளின் கடைசியில், நான் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதல் வேலை செய்த இடம் பாட்ஸ்பியோர்ட். வடக்கே, மரம்கூட முளைக்காத கடற்கரை. மீன் தொழிற்சாலையில், கீழே விளக்கு எரியும் மேசை முன்னால் வரிசையாக நின்று, வருகிற மீன் துண்டில் முள்ளும் புழுவும் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஒரே அசைவு, ஒரே கை, நாள் முழுக்க. ஆறு மாதத்தில் எல்லோருக்கும் மணிக்கட்டு வீங்கும். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம். வேலை போனால் விசாவும் போகும், விசா போனால் சண்டைக்குள்ளே திரும்பிப் போக வேண்டும் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் நின்றவளும் என்னைப் போலத் தனியாக வந்த பெண்தான். ஒரு காலை அவள் கையுறையைக் கழற்றி, எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளரான போர்மனிடம் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார், அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த நாள் அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்றாள். சில மாதத்தில் அவள் அந்த ஊரை விட்டே போய்விட்டாள். அன்றைக்கு எங்கள் விடுதி அடுப்படியில் எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னோம்: கையைக் காட்டினாள், போனாள்.

அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு இறக்கம் வந்துவிட்டது என்று நினைத்தால் அதைப் பற்றி அவரிடம் கேட்க மாட்டோம். முதுகுக்குப் பின்னால் வண்டி வண்டியாகக் கதைப்போம், முகத்துக்கு முன்னால் கேட்பதில்லை. அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். அவள் பிறகு தெற்கே, ஸ்தவாங்கர் நகரில், கல்யாணம் கட்டிக் குடியிருந்தாள். கொண்டாட்டங்களில் எத்தனையோ தடவை கண்டேன். சேலையைப் பற்றிக் கதைத்தோம், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். அந்த மணிக்கட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நான் கையுறைக்குள்ளே துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆறு வருஷம் அந்த வரிசையில் நின்றேன். இன்றைக்கு ஊறுகாய்ப் போத்தலின் மூடியை இவர்தான் திறந்து தர வேண்டும். ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. நான் நின்றேன், அவள் போனாள்.

அந்தப் பெருமையைத்தான் மகளுக்குக் கொடுத்தேன்.

பெப்ரவரியில் பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டாவது ஆட்டத்தன்று, கீழ்த்தட்டில் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண் பாத்திரம் திருப்பித் தர வந்தாள். கணவன் கணினி வேலைக்காரன், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மரியாதைக்கு எங்களோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு வலது கால ஊனவே மாட்டேங்கிறாங்களே. வலிக்குதோ?"

"அவள் ஓடுறது எப்பவும் அப்பிடித்தான்," என்றேன், கொஞ்சம் கடுமையாக. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. தேத்தண்ணி போடுகிறேன் என்றதற்கும் நிற்காமல் போய்விட்டாள். பந்து எது, கோல் எது என்று தெரியாத பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்ததா? தெரிந்தது. எனக்கு இன்னும் மூன்று கோடு வேண்டியிருந்தது.

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாவது. எங்களுக்கு முதலிலேயே ஒரு கோல் விழுந்தது, இவர் தன் பழமொழியைச் சொல்லிச் சிரித்தார். பாதி நேரத்துக்குச் சற்று முன்னால், நீளமாக வந்த ஒரு பந்துக்கு மகள் திரும்பினாள். யாரும் அவளைத் தொடவில்லை. பக்கத்தில்கூட ஒருத்தியும் இல்லை. முழங்கால் உள்பக்கமாக மடிந்தது, விழுந்தாள். விழுந்த இடத்தில் உள்ளங்கையால் புல்லை மூன்று தரம் அடித்தாள். கத்தவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் கையைத் தூக்கி வைத்தியரைக் கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அதை மெதுவாக்கித் திரும்பக் காட்டினார்கள். இவர் மடிக்கணினியை மூடப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பார்க்க வேண்டியவள் நான்தானே. தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது, கமராவும் பந்தோடு போய்விட்டது. அவளுடைய இடத்துக்கு, தொடைக் காயம் ஆறிய அந்தப் பெண் வந்து நின்றாள்.

பிறகு இவர் எழுந்துபோய் நாட்காட்டியில் பதின்மூன்றாவது கோட்டைப் போட்டார். "தொடங்கினவள்தானே," என்றார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பழமொழியை அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

பின்னேரம் மகள் எடுத்தாள். "சுகம் அம்மா. பயப்பிடாதேங்கோ. நாளைக்கு ஸ்கான்."

முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் நார் முழுதாக அறுந்திருந்தது. ஏப்ரலில் சத்திர சிகிச்சை. நான் ஒரு கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பெயினுக்கு நான் போனது அந்த ஒரு முறைதான். நினைத்திருந்தது வேறு மாதிரி. பதினைந்தாவது ஆட்டத்துக்குச் சொல்லாமல் போய்த் திடலில் நின்று கைகாட்டுவதாக நினைத்திருந்தேன்.

சிகிச்சைக்கு முதல் நாள் வைத்தியர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே கதைத்தார். இதற்கு முன்பு இந்த முழங்காலில் நோ இருந்ததா, வழுக்குவது போல ஏதும் இருந்ததா என்று கேட்டார். பொதுவாக முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரியும், அப்போதே பிடித்தால் சில கிழமை ஓய்வோடும் பயிற்சியோடும் போய்விடுவதும் உண்டு என்றார். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றாள். "அன்றைக்குத்தான் முதல் தரம்."

அவர் எழுதிக்கொண்டார். எனக்குக் கேள்வியும் விளங்கியது, பதிலும் விளங்கியது. நான்தான் சொல்லாதே என்றேன், ஜனவரியிலேயே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். வைத்தியர் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் கழகத்தின் திடலில் ஒரு ஆட்டம். தோற்றால் இறக்கம் உறுதி. ஊன்றுகோலோடு மகளும் வந்தாள். நல்ல வெயில். சுற்றியிருந்த கிழவர்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு, சொந்தப் பேத்திகளை ஏசுவது போல எங்கள் பிள்ளைகளை ஏசினார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். விசில் ஊதியதும் பிள்ளைகள் நின்ற நின்ற இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டார்கள். தொடை கிழிந்திருந்த அந்தப் பெண் வேலியில் ஏறி வந்து மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னையும் கட்டிப்பிடித்தாள். அவளுடைய வியர்வை என் சட்டையில் ஒட்டியது. உன் தொடைக்கு விளக்கேற்றியவள் நான் என்று அவளுக்குத் தெரியாது. மகள் அழவில்லை. எல்லோருக்கும் முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் கழகத்திலிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள், குணமடைய வாழ்த்தியிருந்தார்கள். அவ்வளவுதான். கடைசியில் நின்ற அணியில் பாதிப் பருவம் விளையாடி முழங்கால் அறுந்த இருபத்து மூன்று வயதுக்காரியை வேறு எந்தக் கழகம் கேட்கப் போகிறது? ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பெட்டியோடும் ஊன்றுகோலோடும் வந்து, தன் பழைய அறையில், பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில் படுத்தாள்.

ஜூனில் ஸ்தவாங்கரிலிருந்து தொலைபேசி வந்தது. பாட்ஸ்பியோர்ட்டில் என் பக்கத்தில் நின்ற அதே பெண். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி? நடக்கிறாவோ?"

சொன்னேன். வழக்கமாகச் சொல்லும் "சுகம்" அன்றைக்கு வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்காததையும் கேட்டுவிட்டேன்.

"நீர் அண்டைக்குக் கையைக் காட்டினதாலைதானே உம்மை வேலையாலை நிப்பாட்டினவை?"

அவள் சிரித்தாள். "ஆர் சொன்னது உமக்கு? போர்மன் தன்ரை காரிலை என்னை டொக்டரிட்டைக் கொண்டுபோனவர். டொக்டர் சிக்மெல்டிங், வருத்த லீவு, எழுதித் தந்தவர். மூண்டு மாதம், சம்பளத்தோடை வீட்டை இருந்தனான். பிறகு இந்தக் கையோடை இனி மீன் வெட்டேலாது எண்டு அவையளே என்னைப் படிக்க விட்டவை. அதாலைதான் இஞ்சை வந்தனான். இல்லாட்டி நானும் உங்களோடை அங்கை நிண்டு கையை முறிச்சிருப்பன்."

"எங்களுக்குச் சொல்லேல்லையே நீர்."

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே. கோவமாக்கும் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டு வாசலில், சப்பாத்துப் போடும் வாங்கில், கனநேரம் இருந்தேன். நான் நின்றேன், அவள் போனாள் என்று பெருமைப்பட்டேனே, அவள் போனது நல்ல இடத்துக்கு. நான் நின்றது சும்மா. சும்மா நின்று ஒரு கையைக் கெடுத்து, அந்தச் சும்மாவை ஒரு பாடம் என்று பொத்திப் பொத்தி வைத்து, பெற்ற பிள்ளையின் காலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே மகளிடம் சொன்னேன். அவள் தரையில் இருந்து, காலில் ரப்பர் பட்டியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் சொன்னது பிழை. மீன் வேலையிலை கையைக் காட்டின ஸ்தவாங்கர் அன்ரிக்கு வேலை போகேல்லையாம்." எல்லாவற்றையும் சொன்னேன்.

பட்டியை இழுப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "பரவாயில்லை அம்மா. நான்தானே விளையாடினனான்."

ஏசியிருக்கலாம். ரப்பர் பட்டியை என் முகத்தில் எறிந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நான் விடவில்லை.

"டொக்டர் கேக்கேக்கை ஏன் இல்லை எண்டனீ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்," என்றாள்.

இப்போது இலை உதிர்காலம். ஸ்பெயினில் புதுப் பருவம் தொடங்கிவிட்டது. எங்கள் அணி இரண்டாம் பிரிவில் விளையாடுகிறது. ஞாயிறு மத்தியானங்களில் மடிக்கணினியை யாரும் திறப்பதில்லை. மகள் பாலர் பள்ளியில், ஆள் குறைந்த நாட்களில் வேலைக்குப் போகிறாள். இனி அந்த அளவில் விளையாடுவது கஷ்டம் என்று இங்குள்ள வைத்தியர் சொல்லிவிட்டார். ஃபிஸியோவிடம் நானும் ஒரு தடவை அவளோடு போனேன். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ எவ்வளவு என்று அவர் கேட்டார். "இரண்டு," என்றாள். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், விரலைப் பார்த்தது நான்தான்.

என் வேலையில் ஒரு தாள் உண்டு. நினைவு தப்பி, கதைக்க முடியாமல் கிடக்கும் முதியவர்களுக்கு நோ எவ்வளவு என்று முகத்தைப் பார்த்து நாங்கள்தான் புள்ளி போட வேண்டும். புருவம் சுருங்குகிறதா, வாய் இறுகுகிறதா, தொட்டால் கையை இழுக்கிறாரா? பதினெட்டு வருஷமாகப் போடுகிறேன். நான் போட்டால் சரியாக இருக்கும் என்று தாதிமார் சொல்லுவார்கள். யார் யாரோ பெற்ற முகங்களெல்லாம் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை குசினி ஜன்னலில் நின்றேன். மகள் சுரங்க ரயிலால் இறங்கி, கடைப் பையோடு வந்துகொண்டிருந்தாள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று, இரும்பைப் பிடித்து, வலது காலைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். கனநேரம் அப்படியே நின்றாள். கீழ்த்தட்டுப் பெண் கதவைத் திறந்து வெளியே வந்ததும் காலை நிலத்தில் வைத்து, சிரித்து, கைகாட்டி, நேராக நடந்து வந்தாள். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. நாலு மாடி. கதவுக்குப் பின்னால் நின்று அவளுடைய காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்றுதான் வந்தாள். கதவைத் திறந்தபோது அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை அம்மா."

முகத்தைப் பார்த்தேன். புருவம் நேராக இருந்தது, வாய் சிரித்தது. புள்ளி போட அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. தமிழ் எழுதப் பழக்கினேன், அரைகுறை. சமையல் பழக்கினேன், வரவில்லை. இந்த ஒன்றைத்தான் என்னிடமிருந்து அவள் ஒரு பிழையும் இல்லாமல் பழகியிருக்கிறாள்.

பையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். இவர் வேலைக்குப் போயிருந்ததால் நானே மூடியைத் திருகப் போனேன். மணிக்கட்டுக்குள் சுருக்கென்று இழுத்தது.

"அம்மா, கை நோகுதோ?"

நோகுது என்று சொல்ல வேண்டும். இப்போதாவது, அவளுக்கு முன்னால், ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"இல்லை," என்றேன். "சுகம்."